தெற்கே நெருப்பு, வடக்கே நெருப்பு

நெதர் காம், சாமர்செட்
11 பிப்ரவரி 1993

நான்கு திசைகளும் கைகட்டி நிற்கும் நாயகியே, கிண்ணம் ஏந்தும் கரமே, பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தை ஒரே ஒரு கரண்டியால் ஆண்ட மகாராணி ஹெஸ்டரே,

நீ உன் அக்கா மகள் வீட்டுக்கு டாஸ்மேனியா போய்விட்டாய் என்ற செய்தி இந்த மாவட்டத்தையே உலுக்கிவிட்டது. கெட்டில் கொதிக்க மறுக்கிறது. பூனை என்னைப் பார்த்தால் எழுந்து அடுத்த அறைக்குப் போகிறது. மழையோ, கேட்காதே. நேற்று சமையலறை ஜன்னல் வழியாக ஒரு வாத்து நீந்தி உள்ளே வந்து, பிரிஸ்டலுக்கு எந்தப் பக்கம் என்று என்னிடம் வழி கேட்டது. பழைய பஸ் டிரைவர் ஆயிற்றே, சொல்லி அனுப்பினேன்.

பிரெட் டப்பாவின் மேல் ஒட்டிவிட்டுப் போன சீட்டைப் படித்தேன். ‘லோர்னா வீட்டுக்குப் போகிறேன். ஃப்ரிட்ஜில் சூப் இருக்கிறது.’ இவ்வளவுதானா? சூப்புக்கு ஒரு வரி, எனக்கு அரை வரி. சூப் தீர்ந்து பல நாளாகிறது.

நம் வழிபாட்டு வட்டத்தில் எல்லாரும் விசாரிக்கிறார்கள். விடுமுறைக்குப் போயிருக்கிறாள், மே முதல் தேதி பெல்டேன் விழாவுக்குள் வந்துவிடுவாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். வந்துவிடுவாய் அல்லவா? நான் நினைவுபடுத்தித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். போன மே முதல் தேதி நம் விக்கா மத வழக்கப்படி, அத்தனை பேர் முன்னால், உன் மணிக்கட்டையும் என் மணிக்கட்டையும் சேர்த்து நாடாவால் கட்டினார்கள். ஒரு வருஷமும் ஒரு நாளும் என்று வாக்குக் கொடுத்தோம். வருகிற மே இரண்டு, பொழுது சாய்ந்தால் அந்தக் கட்டு தானாக முடிந்துவிடும். மறுபடி கட்ட வேண்டுமானால் இரண்டு கைகளும் ஒரே இடத்தில் இருந்தாக வேண்டும். என் கை இங்கே மேசைமேல் இருக்கிறது. மற்றது உலக உருண்டையின் அடிப்பக்கத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. இது எப்படி நடக்கும்?

போன் போட்டேன். லோர்னா எடுத்து, “சித்தி தோட்டத்துல இருக்காங்க சித்தப்பா” என்றாள். மறுநாளும் தோட்டத்தில் இருந்தாய். அதற்கு மறுநாளும். நீ என்ன, அங்கே நட்டு வைத்துவிட்டார்களா?

உன் அடியவன், தெற்குத் திசையின் காவலன்,
அம்புரோஸ்


லோர்னாவின் தோட்டம், ஹுவான் பள்ளத்தாக்கு
21 பிப்ரவரி 1993

அம்புரோஸ்,

வாத்து பொய். கெட்டில் கொதிக்காதது, நீ பிளக்கைச் செருகாததால். பூனைக்கு மீன் வாங்கிப் போடு.

போன் செய்யாதே. நான் கோபப்பட்டு முடிப்பதற்குள் நீ என்னைச் சிரிக்க வைத்துவிடுகிறாய். இந்த முறை முழுசாகக் கோபப்பட வேண்டும் என்றுதான் இவ்வளவு தூரம் வந்தேன். எழுது. எழுத்தில் உன்னைத் தாங்கிக்கொள்ள முடிகிறது.

நான் ஏன் கிளம்பினேன் என்று உன் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. ஆகவே நானே எழுதுகிறேன்.

பிப்ரவரி விளக்கு விழா முடிந்து எல்லாரும் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான் சுட்ட கேக். வட்டத்தின் பெரியவர் கத்பர்ட் எழுந்து நின்றார். போன வருஷம் பார்லி கதிர் பிடிக்கவில்லை, ஆப்பிள் மரத்தில் பாதி சும்மா நின்றது, வட்டத்தில் இருக்கும் இளம் ஜோடிகளுக்குக் குழந்தை தங்கவில்லை என்றார். நடுவில் நிற்பவள் வற்றினால் வட்டமும் வற்றும் என்றார். பூசாரிணிக்கு இளமை போனால் முகம் கோணாமல் சின்னவள் ஒருத்தியிடம் கிண்ணத்தைக் கொடுத்து விலக வேண்டும் என்பது பழைய விதி என்றார். அது அவர் குணம். விதி சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

பிறகு எல்லாரும் உன்னைப் பார்த்தார்கள். நீதான் பூசாரி. நீதான் என் புருஷன். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்கும்.

“புது பஸ் தர்றோம்னா எந்த டிரைவர்ப்பா வேணாங்குறான்?”

கூரை இடிந்து விழுகிற மாதிரி சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அம்புரோஸ். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாரோடும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்து அந்தத் தட்டைத் திரும்பத் திரும்பக் கழுவினேன்.

இங்கே ஒரு வேடிக்கை. போன வாரம் லோர்னாவின் தோழிகள் வட்டம் போட்டார்கள். திசைக்கொரு பூதமாக அழைக்கும்போது, விருந்தாளி என்று நெருப்பை என்னை அழைக்கச் சொன்னார்கள். நான் பழக்கத்தில் தெற்கே திரும்பி இரண்டு கையையும் தூக்கிவிட்டேன். லோர்னா என் தோளைத் தட்டி, “சித்தி, அந்தப் பக்கம் அண்டார்டிகாதான் இருக்கு. அங்கேர்ந்து நெருப்பைக் கூப்பிட்டா பெங்குயின்தான் வரும்” என்றாள். இங்கே சூரியன் வடக்கு வழியாகப் போகிறது. அதனால் நெருப்பு வடக்கே. மண் தெற்கே. காற்றும் நீரும் மட்டும் நம் ஊர் மாதிரியே கிழக்கிலும் மேற்கிலும் நிற்கின்றன. வட்டத்தையும் நமக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறார்கள். எனக்குத் தலை சுற்றியது. ஆனால் பிடித்திருந்தது.

ஹெஸ்டர்


நெதர் காம்
4 மார்ச் 1993

ஹெஸ்டர்,

நெருப்பு வடக்கேயா! மண் தெற்கேயா! உன் கடிதத்தைப் படித்ததும் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழுந்தேன். விழுந்த சத்தம் கேட்டு மூன்று ஊருக்கு அப்பால் ஒரு மாதா கோவில் மணி தானாக அடித்ததாம். உலகம் தோன்றிய நாளிலிருந்து நெருப்பு தெற்கே இருக்கிறது. நானே சாட்சி. எத்தனை வருஷமாக அந்தத் திசையைப் பார்த்துக் கைதூக்கி நிற்கிறேன்! விறகு நனைந்திருந்தால் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டிருப்பேன், அது வேறு. ஆனால் திசை திசைதான். இப்படிப் பிரபஞ்சத்தையே சட்டை மாதிரி உள்வெளியாகத் திருப்பிப் போட்டுக்கொள்கிறவர்கள் நடுவில் உன்னை விட்டு வைப்பது ஆபத்து. உடனே கிளம்பி வா.

இங்கே செய்தி ஏராளம். பெல்டேனுக்குக் கிண்ணம் ஏந்த பிரயனியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நூலகத்தில் வேலை செய்கிறாளே, சுருட்டை முடி, நீ ஒருமுறை காய்ச்சலுக்கு ரொட்டிக் கஞ்சி கொடுத்தாயே, அவள்தான். நல்ல பெண். போன ஞாயிறு விளக்குமாற்றுக் குதிப்புக்கு ஒத்திகை. விளக்குமாற்றைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு வயலில் எவ்வளவு உயரம் குதிக்கிறோமோ, பார்லியும் அவ்வளவு உயரம் வளரும் அல்லவா? பிரயனி குதித்த குதியில் மேலே போன காக்கை ஒன்று வழி விலகிப் பறந்தது. அடுத்து நான். நான் குதித்த உயரத்துக்குப் பயிர் வளர்ந்தால் எறும்புகளைத்தான் அறுவடைக்குக் கூப்பிட வேண்டும். கத்பர்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நிலவு கேக் நானே சுட்டேன். உன் கைப்பக்குவம் கண்ணால் பார்த்ததுதானே என்று நினைத்தேன். ஒன்றை எடுத்துக் கடித்த நம் வட்டத்து மேசனுக்குக் கட்டுப்பல் இரண்டாக உடைந்தது. மீதியைக் கொல்லைப்புறச் சுவரின் ஓட்டையில் வைத்து அடைத்திருக்கிறேன். சுவர் நூறு வருஷம் நிற்கும்.

அந்தப் பஸ் விஷயம். டெப்போவில் நாற்பது வருஷம் இருந்தவன் வாயில் பஸ்தான் வரும். வேறு என்ன வரும்? நீ அதை மனசில் போட்டுக்கொண்டு புழுங்குவது உன் உடம்புக்கு நல்லதல்ல. எல்லாரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய், அதோடு விடு.

நாடாவை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன்.

அம்புரோஸ்


ஹுவான் பள்ளத்தாக்கு
23 மார்ச் 1993

அம்புரோஸ்,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். காக்கை வரைக்கும் சிரித்தேன். கடைசிக்கு முந்தின பத்தியைப் படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன். ‘அதோடு விடு’ என்று எழுதுகிற நேரத்தில் வேறு ஏதாவது எழுதியிருக்கலாம்.

இங்கே பழம் பறிக்கிறார்கள். விடிந்தால் ஏணியும் கூடையும்தான். நானும் போகிறேன். கீழ்க்கிளை எனக்கு, மேல்கிளை சின்னவர்களுக்கு. பழத்தை இழுக்கக் கூடாது, உள்ளங்கையில் ஏந்தி லேசாகத் திருப்ப வேண்டும். பழுத்திருந்தால் தானாக வந்துவிடுகிறது. பழுக்காததோ, என்ன திருகினாலும் கிளையை விடுவதில்லை. மத்தியானத்தில் முப்பது பேருக்குச் சமைக்கிறேன். யாரும் என்னைச் சமைக்கச் சொல்லவில்லை. லோர்னாவின் புருஷன் வைத்த சூப்பைப் பார்த்தேன், கரண்டியைப் பிடுங்கிக்கொண்டேன்.

இரவும் பகலும் சமமாகிற நாளன்று அறுவடை வட்டம் போட்டார்கள். நடுவில் என்னை நிற்கச் சொன்னார்கள். எனக்கு ஓய்வு கொடுத்தாகிவிட்டது என்றேன். ஏன் என்று கேட்டார்கள். விதியைச் சொன்னேன். நடுவில் நிற்பவள் பிள்ளை பெறக்கூடியவளாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மண் விளையாது.

லோர்னா கையில் இருந்த பழத்தைக் கடித்துக்கொண்டே கேட்டாள்: “பழம் பறிக்கிற நேரத்துல பூ எதுக்கு சித்தி?”

அவ்வளவுதான் அவள் சொன்னது. வாயில் பழம் இருந்ததால் அதுவும் பாதிதான் கேட்டது. ஆனால் அன்றிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அங்கே நீங்கள் எல்லாரும் பூ எங்கே பூ எங்கே என்று அலைகிற அதே நாளில், பூமியில் பாதி பழம் பறித்துக்கொண்டிருக்கிறது. கத்பர்ட்டின் விதி தப்பென்று சொல்லவில்லை. அது பாதி உருண்டைக்கு எழுதிய விதி. மீதிப் பாதியில் நான் நிற்கிறேன்.

நின்றேன், அம்புரோஸ். நடுவில் நின்றேன்.

இப்போது நான் எழுதப்போவதைக் கோபமில்லாமல் எழுதுகிறேன், அதனால் கவனமாகப் படி. மே இரண்டாம் தேதி கட்டு முடியட்டும். யாரும் அவிழ்க்க வேண்டாம், யாரும் அழவும் வேண்டாம். விதிப்படியே முடியட்டும். நாடாவை எடுத்து உள்ளே வை.

ஹெஸ்டர்


நெதர் காம்
4 ஏப்ரல் 1993

ஹெஸ்டர்,

உன் கடிதம் வந்தபோது வாசலில் நின்றே படித்தேன். தபால்காரர், “என்ன மாமா, கெட்ட செய்தியா?” என்றார். ஒரு கப்பல் மூழ்கிவிட்டது என்றேன். பெரிய கப்பலா என்றார். ஒரே ஒரு ஆள் ஏறியிருந்த கப்பல் என்றேன். அவர் தொப்பியை எடுத்துவிட்டுப் போனார்.

பார், மறுபடி ஆரம்பித்துவிட்டேன். நிறுத்துகிறேன்.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். நேற்று கிண்ணமும் கத்தியும் ஒத்திகை. பிரயனி கிண்ணத்தை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து நிற்கிறாள். நான் கத்தி முனையை அதில் இறக்க வேண்டும். ஆணும் பெண்ணும் சேர்ந்து பூமி கருக்கொள்கிற அந்த இடம். நீயும் நானும் செய்யும்போது வட்டத்தில் ஒருவரும் இருமக்கூட மாட்டார்களே, அந்த இடம். அவள் கை ஆடி, பாதி ஒயின் என் சட்டையில் கொட்டியது. கத்பர்ட் துணி எடுக்க உள்ளே போனார். அவள் என் காதருகே வந்து சொன்னாள்.

“மாமா, ஒண்ணு சொன்னா திட்ட மாட்டீங்களே?”

“சொல்லும்மா.”

“எனக்குக் குழந்தை வேணாம். இப்ப வேணாம்னு இல்ல, எப்பவுமே வேணாம். நானும் டெஸ்மண்டும் பேசி முடிவு பண்ணிட்டோம். அவன் போன மாசம் போயி ஆபரேஷனே பண்ணிட்டு வந்துட்டான். இதை கத்பர்ட் சார்கிட்ட சொல்லணுமா, வேணாமா?”

ஹெஸ்டர், ஒரு மாவட்டத்தின் பார்லியையும் ஆப்பிளையும் அந்தப் பெண்ணின் தலையில் ஏற்றி வைத்திருந்தோம். அவளோ பல வாரமாகத் தூக்கமில்லாமல், யாரிடம் சொல்வது என்று தெரியாமல் விளக்குமாற்றைக் காலிடுக்கில் வைத்துக் குதித்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அவள் கண்ணைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். வாயை மூடுவது எப்படியிருக்கும் என்று எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது.

“சொல்ல வேணாம். நான் சொல்லிக்கிறேன்” என்றேன்.

சொன்னேன். கத்பர்ட் துணியும் கையுமாக நின்றார். “அப்ப அடுத்தது யாரு?” என்றார். ஒவ்வொரு பெயராகத் தள்ளிக்கொண்டு வந்தார். இவளுக்கு வயது போதாது, அவளுக்கு வயது மீறிவிட்டது, இன்னொருத்தி ஊரில் இல்லை. கடைசியில் வளம் என்று சந்தேகமில்லாமல் தேறியது அவர் வீட்டு ஆடு ஒன்றுதான். நான் அதைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அதுவும் நல்லதுதான். ஏனென்றால் அதற்கப்புறம் கத்தியை மேசைமேல் வைத்துவிட்டு, “ஹெஸ்டரை இறக்கிவிட்ட பஸ்ல எனக்கும் வேலையில்ல” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பூசாரி வேலையை விட்டுவிட்டேன் என்று அதற்குப் பொருள். தெற்குத் திசைக்கு இப்போது காவலன் இல்லை. அது தன்னைத்தானே பார்த்துக்கொள்ளட்டும்.

மெச்சிக்கொள்வதற்காக இதை எழுதவில்லை. பிப்ரவரியில் நான் செய்ய வேண்டியதை ஏப்ரலில் செய்தேன். அவ்வளவுதான்.

ஏன் அன்றைக்கு அப்படிச் சொன்னேன் என்று நானே கேட்டுப் பார்த்தேன். டெப்போ, டிரைவர் என்று நான் எழுதியதெல்லாம் சப்பைக்கட்டு. உனக்கு வயதாகிவிட்டது என்று கத்பர்ட் சொன்னார். எனக்கு உன்னைவிட இரண்டு வயது கூட. அடுத்து என் பக்கம்தான் திரும்புவார்கள் என்று பயந்தேன், ஹெஸ்டர். முட்டி வலிக்கிறது, பெல்டேன் நெருப்பைத் தாண்ட முடியவில்லை, மண்ணெண்ணெய் இல்லாமல் மூட்ட முடியவில்லை. அவர்கள் என்னைப் பார்ப்பதற்குள் உன்னைப் பார்த்துச் சிரிக்க வைத்துவிட்டேன்.

நாடாவை உள்ளே வைக்கவில்லை. நீ சொன்னதில் அதை மட்டும் செய்ய முடியவில்லை.

அம்புரோஸ்


ஹுவான் பள்ளத்தாக்கு
13 ஏப்ரல் 1993

அம்புரோஸ்,

பிரயனிக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். நிலவு கேக் செய்முறையும் சேர்த்து. வெண்ணெய் குளிர்ந்திருக்க வேண்டும், மாவைப் பிசையக் கூடாது, ஒன்று சேர்ந்தால் போதும். நீ பிசைந்திருப்பாய். பஸ் ஸ்டியரிங்கைத் திருப்புகிற மாதிரி.

கத்பர்ட்டை அப்படியே விட்டுவிடாதே. போய் ஒரு நாள் அவரோடு டீ குடி. அந்த மனிதர் விதிகளைப் பிடித்துக்கொண்டிருப்பது, பெண்டாட்டி செத்த பிறகு பிடித்துக்கொள்ள வேறொன்றும் இல்லாததால். அவர் ஆட்டைக் கிண்டல் செய்ததற்கு மன்னிப்புக் கேள். ஆட்டிடம் அல்ல, அவரிடம்.

உன் கடைசிப் பத்தியை லோர்னாவுக்குப் படித்துக் காட்டவில்லை. மற்றதெல்லாம் படித்துக் காட்டினேன். அந்தப் பத்தி மட்டும் என்னுடையது.

இங்கே குளிர் வந்துவிட்டது. மரங்கள் காலியாகிவிட்டன. பறித்து முடித்த மரத்துக்கு ஒரு களை உண்டு, பார்த்திருக்கிறாயா? குழந்தைகளெல்லாம் தூங்கிய பிறகு நாற்காலியில் உட்காருகிறவள் மாதிரி.

உன்னிடம் ஒன்று சொல்லவில்லை. அந்த அறுவடை வட்டத்தில் நடுவில் நிற்பதற்கு முன்னால், நான்கு திசையையும் நானே அழைத்தேன். கிழக்கே காற்றைக் கூப்பிட்டேன், வந்தது. அடுத்தது நெருப்பு. இந்த முறை மறக்காமல் வடக்கே திரும்பினேன். கையைத் தூக்கினேன். அப்போதுதான் உறைத்தது. வடக்கே மலை, மலைக்கு அப்பால் கடல், அப்படியே போய்க்கொண்டே இருந்தால் எங்கோ மழை பெய்கிற ஊரில் ஒரு சமையலறையில் நீ இருக்கிறாய். இங்கே நெருப்பை அழைக்க உன் பக்கம்தான் திரும்ப வேண்டியிருக்கிறது. நீயும் அத்தனை நாள் தெற்கே பார்த்துத்தானே கைதூக்கினாய். இங்கே நான் வருவேன் என்று யாருக்குத் தெரியும்?

வா என்று எழுத மாட்டேன். விமானத்தை வானத்தில் பார்த்தாலே நீ வீட்டுக்குள் ஓடுகிறவன். உன்னை அதற்குள் உட்காரச் சொல்ல எனக்கு மனசு வராது. வராதே என்றும் எழுதவில்லை. கவனித்தாயா?

வந்தால் என்னைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போவதற்காக வராதே. குளிர்காலம் முடியும்வரை நான் இங்கேதான்.

ஹெஸ்டர்


சிங்கப்பூர் விமான நிலையம்
30 ஏப்ரல் 1993

ஹெஸ்டர்,

தபாலில் போட்டால் இது எனக்குப் பிறகுதான் வந்து சேரும். அதனால் கையிலேயே கொண்டுவந்து கொடுப்பேன். எழுதாமல் உட்கார்ந்தால் எழுந்து ஓடிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அதற்காக எழுதுகிறேன்.

பாஸ்போர்ட்டை மார்ச் மாதமே வாங்கி வைத்திருந்தேன். ஒவ்வொரு நாளும் எடுத்துப் பார்ப்பேன். அதிலிருக்கும் படத்தில் இருப்பவன் எங்கும் போகத் துணிந்தவன் மாதிரி இல்லை.

கத்பர்ட்டோடு டீ குடித்தேன். இரண்டு கோப்பை காலியானது. பிறகு, “ஹெஸ்டர் சுடுற கேக்ல எலுமிச்சைத் தோல் போடுவாங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். விமான நிலையத்துக்கு அவர்தான் வண்டியில் கொண்டுவந்து விட்டார். இறங்கும்போது, “தெற்கே போய் நெருப்பை எந்தப் பக்கம் கூப்பிடுவே?” என்றார். அவ எந்தப் பக்கம் காட்டுறாளோ அந்தப் பக்கம் என்றேன். தலையாட்டிக்கொண்டே போனார்.

இந்த விமானத்தைப் பற்றி இனிமேல்தான் பெரிதாகக் கதை கட்ட வேண்டும். இப்போது முடியவில்லை. மேலே ஏறும்போது பக்கத்தில் இருந்த அம்மாள் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த அம்மாளுக்கு ஒன்றும் ஆட்சேபனை இல்லை. காற்றுக்கு என்னைப் பிடிக்காது என்று நினைத்திருந்தேன். அது என்னைக் கண்டுகொள்ளவே இல்லை.

அடுத்த விமானத்துக்குக் கூப்பிடுகிறார்கள். போகிறேன்.

அம்புரோஸ்


லோர்னாவின் வீடு
2 மே 1993, சாயங்காலம்

அம்புரோஸ்,

நீ பக்கத்து அறையில்தான் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். சுவர் வழியாகக் குறட்டை கேட்கிறது. நேற்று வந்ததிலிருந்து நீ தூங்குவதும், எழுந்து நான்கு முட்டை சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்குவதுமாக இருக்கிறாய். எழுந்திருந்த நேரத்தில், விமானத்தின் இறக்கையைக் கழுகு ஒன்று இழுத்துக்கொண்டு வந்ததாக லோர்னாவிடம் சொல்லியிருக்கிறாய். நாம் இரண்டு பேரும் இன்னும் ஒரு வார்த்தை ஒழுங்காகப் பேசிக்கொள்ளவில்லை. நேரில் பேசினால் நீ ஏதாவது சொல்வாய், நான் சிரித்துவிடுவேன். அதனால் எழுதிக் கதவுக்கடியில் தள்ளுகிறேன். கதவைத் தட்டிவிட்டுப் போவேன்.

ஜன்னலில் பார்த்தேன். பொழுது சாய்ந்துவிட்டது. மே இரண்டு. நம் கட்டு முடிந்துவிட்டது. முடிகிற அந்த நிமிஷத்தில் நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கையில் ஏதோ லேசான மாதிரி இருந்தது, அவ்வளவுதான். நான் இப்போது யாருக்கும் பெண்டாட்டி இல்லை.

ஆனால் மத்தியானம் போர்வையைச் சரிசெய்ய வந்தபோது உன் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அதில் நம் ஊர் நேரத்தை நீ மாற்றவே இல்லை. சாமர்செட்டில் இப்போது காலை எட்டுதான் ஆகிறது. அங்கே பொழுது சாய இன்னும் ஒரு பகல் முழுக்க இருக்கிறது. அப்படியானால் நீ இன்னும் என் புருஷன். நான் உன் பெண்டாட்டி இல்லை. இந்த மாதிரி ஒரு நியாயம் எந்த விதியிலாவது உண்டா? கத்பர்ட்டுக்கு எழுதிக் கேட்க வேண்டும்.

யோசித்துப் பார்த்தேன். கட்டுப்படாதவள் நான்தான் என்பதால், கேட்கிற உரிமையும் எனக்குத்தான். கேட்கிறேன்.

ஒரு வருஷமும் ஒரு நாளும் என்று மறுபடி கட்டிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. நாள் எண்ணிக்கொண்டிருக்கிற வயது போய்விட்டது. அந்தச் சடங்கில் இன்னொரு வாக்கும் உண்டு, போன வருஷம் நாம் இரண்டு பேருமே பயந்துகொண்டு அதைத் தொடவில்லை. ‘அன்பு இருக்கும்வரை.’ அதைச் சொல்ல உனக்கு மனசிருந்தால் எழுந்து தோட்டத்துக்கு வா. லோர்னா நெருப்பு மூட்டிவிட்டாள், மண்ணெண்ணெய் இல்லாமல். அதை யாரும் தாண்டப் போவதில்லை. சும்மா பக்கத்தில் நிற்கலாம், குளிர்கிறது.

நான் நடுவில் நிற்பேன். நீ எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று உனக்குத் தெரியும்.

ஹெஸ்டர்


(அதே தாளின் பின்பக்கம்)

ஹெஸ்டர்,

அன்பு இருக்கும்வரை.

சொல்லிவிட்டேன். இப்போது என் கால்சட்டையை எங்கே தோய்த்துப் போட்டிருக்கிறாய் என்று நீ சொல்.

அ.